வாயில் வெள்ளை படிந்தால்... மாசிக்காய் மட்டும் போதுமா?



மூன்று மாதக் குழந்தையின் நாக்கில் வெள்ளை படிந்தபோது மாசிக்காயைத் தேனில் உரைத்துத் தடவியதாகச் சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். மாசிக்காயைப் பற்றி அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் 'தேன்' என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. உடனே பேனாவை எடுத்துவிட்டேன். நீளமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் வாய்க்குள் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்: 'வாய்ப்புண்'. காரணமும் ஒன்றுதான்: 'உடம்பு சூடு'. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வெண்ணெய் என்று வைத்தியமும் எல்லாருக்கும் ஒன்றுதான். நான்கு நாளில் சரியானால் கீரை கேட்டது என்போம். சரியாகாவிட்டால் இன்னும் கொஞ்சம் கீரை வாங்குவோம். ஆனால் வாய்க்குள் வருகிற எல்லாமும் ஒரே நோய் இல்லை. முதலில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

எது புண்? எது பூஞ்சை?

சாதாரண வாய்ப்புண் ஒன்றோ இரண்டோ வட்டமாக இருக்கும். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டால் சுரீர் என்று வலிக்கும். ஒன்று, இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும்.

பூஞ்சை அப்படி இல்லை. தயிர்த் திப்பி ஒட்டினாற்போல நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், மேலண்ணம் என்று பல இடங்களில் வெள்ளையாகப் படியும். சுத்தமான ஈரத்துணியால் துடைத்தால் உரிந்து வரும். உரிந்த இடம் சிவந்து எரியும், சில சமயம் லேசாக ரத்தமும் கசியும். சாப்பாட்டில் ருசி தெரியாது. வாய்க்குள் பஞ்சை வைத்தது போல இருக்கும். கைக்குழந்தைகளுக்கு வரும் இதைத்தான் நம் பாட்டிமார்கள் 'அக்கரம்' என்றார்கள். குழந்தை பால் குடித்த வெள்ளைக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. பால் படிந்தது என்றால் துடைத்ததும் போய்விடும், அடியில் சிவப்பு இருக்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எவ்வளவு துடைத்தாலும் உரியாமல் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் திட்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வந்தால் எந்தக் கஷாயமும் வேண்டாம், நேரே பல் டாக்டரிடம் போங்கள். சில சமயம் இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கும். "புகையிலை இல்லாமல் வெறும் பாக்குதானே போடறேன்" என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

இந்தப் பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொள்வது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. 'கேண்டிடா' என்ற அந்தப் பூஞ்சை நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலேயே சத்தமில்லாமல் குடியிருக்கிறது. உமிழ்நீரும், வாயிலுள்ள மற்ற நல்ல கிருமிகளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. இந்தக் காவல் தளர்ந்தால் அது பெருகிவிடும்.

காவல் எப்போது தளரும்? பச்சிளங் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் வளரவில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்தே பூஞ்சை ஒட்டியிருக்கலாம். பெரியவர்களுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு வரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் வரும். ராத்திரியும் பல்செட்டைக் கழற்றாமல் தூங்கினால் வரும். வாய் வறட்சி, ரத்தசோகை, புற்றுநோய்க்கான சிகிச்சை, எச்.ஐ.வி. என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை.

மாசிக்காய் காயே இல்லை!

நாட்டு மருந்துக் கடையில் சாம்பல் நிறத்தில் முடிச்சு முடிச்சாகத் தருகிறார்களே, அந்த மாசிக்காய் உண்மையில் காய் இல்லை. துருக்கி, ஈரான் பக்கத்தில் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவி ஒன்று முட்டையிடும். அந்த இடத்தில் மரம் புடைத்துக்கொண்டு உருண்டையாக வளரும். அந்த முடிச்சுதான் மாசிக்காய். அதில் பாதிக்கு மேல் டானின் என்கிற துவர்ப்புச் சத்துதான். பழைய காலத்தில் எழுதுகிற மை தயாரித்ததும் இதை வைத்துத்தான்.

துவர்ப்பு, வாயின் உள்தோலைச் சுருக்கி இறுக வைக்கும். பூஞ்சை வளர்வதையும் ஓரளவு தடுக்கும். சாதம் கொதிக்கும்போது மாசிக்காயைப் போட்டு வேகவைத்து, எடுத்துக் காயவைத்து, பிறகு உரைகல்லில் இழைக்கும் பழக்கத்தில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. கொதிக்கிற கஞ்சியில் வேகும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கும் கிருமியும் குறையும்.

மாசிக்காய் மட்டும் இல்லை. கிராம்பில் உள்ள யூஜெனால், பூண்டை நசுக்கினால் வருகிற அல்லிசின், மஞ்சளில் உள்ள குர்குமின், தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம், இவை எல்லாமே ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கேண்டிடா பூஞ்சையை அடக்கியிருக்கின்றன. நம் சமையலறை அலமாரியில் உள்ளவை சும்மா இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, வாய் வேறு. தட்டில் சாறு நாள் முழுக்க அப்படியே கிடக்கும். வாயில் சில நிமிஷத்தில் உமிழ்நீர் அடித்துக்கொண்டு போய்விடும். பூஞ்சையும் தனித்தனியாக இராமல், பாசி படிந்தாற்போல ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் இருப்பவற்றை எட்டுவது கஷ்டம்.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்ததும் உண்டு. பிரேசில் நாட்டில் பல்செட்டினால் வாய்ப் பூஞ்சை வந்த 60 பேரில் பாதிப்பேருக்கு மாதுளைப் பட்டைச் சாறு சேர்த்த ஜெல், மீதிப்பேருக்கு மைகோனசோல் என்ற மருந்து ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். 2003ல் முடிவு வெளியானது. மாதுளையிலும் நிறையப் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்து ஜெல்லில் இன்னும் கொஞ்சம் அதிகம் பேருக்குத் தெரிந்தது. ஆக, மூலிகை உதவி செய்யும். ஆனால் அதையே முழுதாக நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

பெரியவர்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் கொப்பளித்துத் துப்பலாம். இதைவிடச் சிக்கனமானது, தொந்தரவில்லாதது வேறு இல்லை.

* மாதுளம்பழம் உரிக்கும்போது தோலைத் தூக்கி எறியாமல் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். ஒரு கைப்பிடியை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, வடிகட்டி ஆறவைத்துக் கொப்பளிக்கலாம். கொழுந்து கொய்யா இலையையும் இப்படிச் செய்யலாம். அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். விழுங்க வேண்டாம்.

* சுத்தமான தேங்காய் எண்ணெய் இரண்டு டீஸ்பூன் வாயில் விட்டு ஐந்து, பத்து நிமிஷம் மெதுவாகச் சுழற்றித் துப்பலாம். சிங்க்கில் துப்பாதீர்கள், மார்கழிக் குளிரில் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களும் குழந்தைகளும் இதைச் செய்யவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

* கிராம்புத் தைலத்தை அப்படியே வெள்ளையின் மேல் தடவாதீர்கள், வாய் வெந்துவிடும். பச்சைப் பூண்டை அதக்கி வைத்தாலும் அதே கதைதான். ஏற்கெனவே உரிந்து சிவந்திருக்கும் இடத்தில் எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பது வீண் சித்திரவதை. டீ ட்ரீ ஆயில் என்று கடைகளில் விற்பது விழுங்கினால் விஷம். வாய்ப் பக்கமே வேண்டாம்.

நான்கைந்து நாளில் குறையவில்லை என்றால், அல்லது குறைந்து மறுபடி மறுபடி வந்தால், கொப்பளிப்பதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அது ஏன் என்பதற்கு எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவின் பல்செட்

அவருக்கு 66 வயது. மேல்வரிசை பல்செட். ஐந்து மாதமாக வாயெல்லாம் வெள்ளை, காரம் பட்டால் எரிச்சல். வாரம் மூன்று நாள் மணத்தக்காளி, தினமும் மாதுளைத் தோல் கஷாயம். கொப்பளித்தால் நாலு நாள் குறையும், ஐந்தாம் நாள் திரும்ப வந்துவிடும். "வயசான உடம்பு, சூடு தாங்கலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட முடியாமல் ஆள் பாதியாகிவிட்டார்.

கடைசியில் மகள் வந்து பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டாராம். "ராத்திரி செட்டைக் கழட்டி வைக்கிறீங்களா?" "இல்லைம்மா. அவர் முன்னாடி பொக்கை வாயோட இருக்க எனக்குக் கூச்சமா இருக்கும்." "சர்க்கரை டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" "எனக்கெல்லாம் சர்க்கரை கிடையாதும்மா, நான் இனிப்பே தொட மாட்டேன்."

டெஸ்ட் எடுத்தால் வெறும் வயிற்றிலேயே 268. எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்! சர்க்கரைக்கு மாத்திரை, வாய்க்குத் தடவும் மருந்து, ராத்திரி செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம், இந்த மூன்றும் சேர்ந்து மூன்றே வாரத்தில் வாய் சுத்தமானது. இப்போது மணத்தக்காளி வற்றல் குழம்பை ருசிக்காகச் சாப்பிடுகிறார்.

அந்த ஐந்து மாதமும் மூலிகை பொய் சொல்லவில்லை. வாய் வெள்ளையைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால் அடியில் இருந்த சர்க்கரையை அது எப்படிக் காட்டிக் கொடுக்கும்? வாய்ப் பூஞ்சை பல சமயம் வாசலில் நின்று கதவைத் தட்டும் ஆள் மாதிரி. விரட்டுவதற்கு முன் எதற்கு வந்தாய் என்று கேட்க வேண்டும்.

கைக்குழந்தை விஷயத்தில் கைவைத்தியம் வேண்டாம்

இப்போது அந்தத் தேன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் சில சமயம் 'பாட்டுலிசம்' என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் விதை இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைச் சுரக்கும். குழந்தை துவண்டுபோகும், பால் உறிஞ்சாது, அழக்கூடத் தெம்பிருக்காது, மூச்சே நின்றுபோகலாம். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. மலைத்தேன், கொம்புத்தேன், கடைத்தேன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று வெங்காரம். பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்து அக்கரத்துக்குத் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். மேல்நாட்டிலும் இதே பழக்கம் இருந்தது. வெங்காரமும் தேனும் சேர்ந்த கடைமருந்தில் சூப்பானைத் தோய்த்துக் கொடுத்ததில் ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை டாக்டர்கள் 1983ல் எழுதினார்கள். நிறுத்தியதும் வலிப்பு நின்றது. ஆகவே வெங்காரத்தைத் தொடவே வேண்டாம்.

'பிள்ளை வளர்ப்பான்' என்று நாம் மரியாதையாகச் சொல்லும் வசம்பையும் உரைமருந்தோடு சேர்த்து உள்ளுக்குக் கொடுப்பார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுக்கட்டி வந்ததால், உணவுப் பொருள்களில் வசம்பு சேர்க்க அமெரிக்காவில் 1968லேயே தடை போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் "கையில வளையலா கட்டி விடறேன் அத்தை, உள்ளுக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதையும் குழந்தை வாயில் வைத்துச் சப்பாத அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீல மருந்து என்று முன்பு ஆஸ்பத்திரிகளில் வாயில் தடவுவார்களே, ஜென்ஷன் வயலட், அதைப் பற்றியும் கனடா நாட்டு சுகாதாரத் துறை 2019ல் புற்றுநோய் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் நாமாக எடுத்துத் தடவ வேண்டாம்.

பின் என்னதான் செய்வது? குழந்தை டாக்டரிடம் காட்டினால் சொட்டு மருந்தோ தடவும் மருந்தோ எழுதிக் கொடுப்பார். சொன்ன நாள்வரை தடவ வேண்டும், வெள்ளை போனதும் நிறுத்திவிடக் கூடாது. தாய்க்கு மார்க்காம்பில் எரிச்சலோ, சிவப்போ, பால் கொடுக்கும்போது குத்தும் வலியோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தாய்க்கும் சேயிக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. சங்கு, பாலாடை, பால் பாட்டில், நிப்பிள் எல்லாவற்றையும் தினமும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

இரண்டு பெண்கள் கண்டுபிடித்த மருந்து

"இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல், பச்சிலைதான் இயற்கை" என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு சுவையான தகவல். வாய்ப் பூஞ்சைக்குக் கொடுக்கும் 'நிஸ்டாடின்' மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். ஹேசன் பல இடத்து மண்ணை வாங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை அடக்குபவற்றை ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். கடைசியில் ஒரு தோழியின் பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர்தான் வழிகாட்டியது. 1950ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள்.

காப்புரிமைத் தொகையாகக் கோடிக்கணக்கில் வந்தது, 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் அத்தனையும் ஆராய்ச்சிக்கே விட்டுக் கொடுத்தார்கள். 1966ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் வெள்ளம் வந்து பழைய ஓவியங்களில் பூஞ்சை பிடித்தபோது அதை அகற்றவும் இந்த மருந்துதான் உதவியது.

ஆக, இதுவும் மண்ணிலிருந்து வந்ததுதான். ஒரு வித்தியாசம், இதில் எவ்வளவு சத்து, எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். குடலிலிருந்து ரத்தத்தில் பெரும்பாலும் சேராது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அதனால்தான் பச்சிளங் குழந்தைக்கும் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. உரைகல்லில் நாம் ஐந்து இழைப்பு இழைத்தால் எவ்வளவு, பத்து இழைத்தால் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

எப்போது உடனே போக வேண்டும்?

குழந்தை பால் குடிக்க மறுத்தால்; பெரியவர்களுக்கு விழுங்கும்போது நெஞ்சு வலித்தால்; காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால்; சர்க்கரை உள்ளவர்களுக்கு வெள்ளை படிந்தால்; ஆன்டிபயாடிக், இன்ஹேலர், பல்செட் எதுவும் இல்லாதபோதும் அடிக்கடி வந்தால்; எந்தப் புண்ணோ திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால்.

இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்புங்கள். பல்செட் போட்டிருப்பவர்கள் ராத்திரி கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் செட் வளைந்துவிடும். நாம் மற்றவர்கள் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறோமே தவிர, நம் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளிலாவது நல்ல வெளிச்சத்தில் நாக்கையும் கன்னத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வாயையும் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

மாசிக்காய் பற்றி எழுதிய சகோதரியின் குழந்தை நலமாக வளர என் வாழ்த்துகள். இதற்குள் டாக்டரிடம் காட்டியிருப்பார் என்று நம்புகிறேன். அந்தத் தேன் பாட்டிலை மட்டும், குழந்தையின் முதல் பிறந்தநாள் தாண்டும்வரை மேல் அலமாரியில் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.